கடிதத்தில் எழுதாமல் விட்ட வெயில்

1

போன திங்கட்கிழமை எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே வெள்ளித்தாள் உறையில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் குட்டிக் குட்டி வட்டங்கள். ஒன்றை எடுத்து ஈரப்படுத்தி, தட்டில் வளர்ந்திருக்கும் கிருமியைக் கம்பியால் தொட்டு அதில் தடவ வேண்டும். மஞ்சள் நிறம் சிவப்பானால், பென்சிலினைத் தின்று ஏப்பம் விடும் கிருமி அது என்று அர்த்தம். மஞ்சளாகவே நின்றால் மருந்துக்கு அடங்கும். சில நிமிட வேலைதான்.

எங்கள் தலைவி மதாம் லூசி என் தோளைத் தட்டி, "இனி உன் கஞ்சிக் காகிதங்களுக்கு ஓய்வு" என்றார். எட்டு வருடமாக அந்தக் காகிதத் துண்டுகளை இங்கே செய்து வந்தது நான்தான். எல்லாரும் கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். இந்த ஊரில் யாராவது தும்மினால்கூடக் கேக் வெட்டுவார்கள்.

நான் பார்சலோடு வந்த வழிமுறைத் தாளைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும், சூட்டில் வைத்தால் முடிவு தவறாகும். அதைப் படித்ததும் கேக்கை அப்படியே மேஜையில் வைத்துவிட்டேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த ஒரு வரியை நான் ஒருமுறை எழுதாமல் விட்டேன். அதனால் புதுச்சேரியில், நெல்லித்தோப்பில், ஒரு குழந்தைக்குக் காது போயிற்று. பழி என் சிநேகிதி தலையில் விழுந்தது. அந்தத் திங்கட்கிழமைவரை யாரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

2

நான் பிரான்சுக்கு வந்தது என் மாமனார் புண்ணியத்தில். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதங்களின் பலத்தில் என் வீட்டுக்காரர் இங்கே வந்து டயர் ஆலையில் சேர்ந்தார். பின்னால் நானும் மகள் சுமதியும் வந்தோம். பாரிசிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். தமிழ் பேச எனக்கு இங்கே ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவரும் பேச்சில் கஞ்சம்.

வந்த முதல் வருடம் அரசாங்க அலுவலக வரிசையில் நின்றே என் கால் தேய்ந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறையும். கொண்டுபோய்க் கொடுத்தால், போன முறை கொடுத்தது காலாவதி ஆகியிருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள் ஒருத்தி. அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். ஒரு பெயர் எழுதாமல் நகர மாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாள். கடைசியில் அப்பா பெயரை எடுத்துக் கட்டத்துக்குள் போட்டாள். பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் எனக்கு அதுதான் பெயர். நம் ஊரில் ஒருவன் வீதியில் நின்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறான் என்று பொருள். இங்கே தினமும் காலை எட்டு மணிக்கு "போன்ழூர், கோவிந்தசாமி" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். விசாலாட்சி என்ற என் பெயர் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

அந்தக் கோவிந்தசாமி, என் அப்பா, மில்லில் கஞ்சிப் பிரிவில் வேலை பார்த்தவர். நூலுக்குக் கஞ்சி போட்டு நெய்து, பிறகு துணியிலிருந்து அதை அலசி எடுப்பார்கள். சுத்தமாகப் போயிற்றா என்று பார்க்கத் துணியில் ஒரு சொட்டு அயோடின் விடுவார். கஞ்சி மிச்சமிருந்தால் நீலமாகிவிடும். வீட்டுக்கு வரும்போது அவர் விரல் நுனியில் எப்போதும் ஒரு பழுப்புக் கறை இருக்கும்.

அதனால்தான் மதாம் லூசி முதல்முதலில் அந்தச் சோதனையைக் காட்டியபோது எனக்கு உடனே பிடிபட்டது. கஞ்சியும் பென்சிலினும் ஊறிக் காய்ந்த காகிதத் துண்டு. அயோடின் விட்டால் நீலமாகும். அதன்மேல் கிருமியைத் தடவ வேண்டும். பென்சிலினை உடைக்கிற கிருமியாக இருந்தால், உடைந்த பென்சிலின் அயோடினை இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடத்தில் அந்த இடம் மட்டும் நீலம் போய் வெளுத்துவிடும். வழக்கமான முறையில் இதைத் தெரிந்துகொள்ள இன்னும் ஒரு முழு நாள் ஆகும். மூளைக்காய்ச்சலில் கிடக்கிற குழந்தைக்கு ஒரு நாள் என்பது லேசா? நான் அந்த வேலையை ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

3

தனலட்சுமி என்கிற தனம், புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவள். பக்கத்து மைக்ராஸ்கோப் அவளுடையது. வாயாடி, சண்டைக்காரி, டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்குப் பாதி கொடுக்காமல் சாப்பிட மாட்டாள். நான் இங்கே வந்த பிறகு வருடத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். மூன்றாவது வருடம், நவம்பரில், திடீரென்று ஒன்று வந்தது.

"விசாலம், இங்க கொழந்தைங்க வார்டுல மூளைக்காய்ச்சல்னு வருதுங்க. ஊசி போடறாங்க. சிலதுக்குக் கேக்குது, சிலதுக்குக் கேக்கல. கிருமி வளந்து, அப்புறம் நாம மருந்து வச்சுப் பாத்து சொல்றதுக்குள்ள இன்னொரு நாள் ஓடிப்போயிடுது. அங்க இன்னாடி பண்றாங்க? தெரிஞ்சா எழுதுடி."

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் சென்ட்டு கேட்பார்கள், கைக்கடிகாரம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை யாரும் கேட்டதே இல்லை. சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறு அடிபிடித்துவிட்டது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கஞ்சி எவ்வளவு, பென்சிலின் எவ்வளவு, காகிதத்தை எந்த அகலத்தில் வெட்டுவது, எல்லாம் படம் போட்டு விளக்கினேன். கடைசியில், "மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். காயவைத்து டப்பாவில் மூடி வை, கெடாது" என்று எழுதினேன்.

கெடாதுதான். எங்கள் டப்பா இருந்தது ஆஸ்பத்திரியின் நிலவறையில். கோடையிலும் ஸ்வெட்டர் போடாமல் அங்கே இறங்க முடியாது. தினமும் காலையில் கிருமி தடவாத வெறும் துண்டு ஒன்றில் அயோடின் விட்டு, அது நீலமாகவே நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அது இன்னொருத்தியின் வேலை. என் கை படாததால் அதுவும் என் கடிதத்தில் வரவில்லை. மூன்றே வருடம்! பிறந்து வளர்ந்த ஊரில் சித்திரை என்று ஒரு மாதம் உண்டு என்பது எனக்கு மறந்துவிட்டது.

4

பொங்கலுக்குப் பிறகு அவள் பதில் வந்தது. "அடியேய், இது உங்கப்பா மில்லுல துணில சொட்டு விடுவாரே, அதே கதைதாண்டி! மொதோ துண்டு வெளுத்ததும் கையில எடுத்துக்கினு வார்டுக்கே ஓடிட்டேன். டாக்டர் அன்னிக்கே மருந்தை மாத்திட்டாரு. கொழந்த எழுந்து உக்காந்து இட்லி கேக்குது."

அதன்பின் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம். இந்த வாரம் நாலு துண்டு, ஒன்று வெளுத்தது. அந்த வாரம் ஆறு, எதுவும் வெளுக்கவில்லை. மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? நான் அதைப் பஸ்ஸில் வைத்துப் படிப்பேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பேன். பிரெஞ்சில் பெரிய டாக்டரை "நீ" என்றும் பாத்திரம் கழுவுகிறவளை "தாங்கள்" என்றும் நான் மாற்றிச் சொல்லி எல்லாரும் சிரித்த நாளில்கூட, பையில் தனத்தின் கடிதம் இருந்ததால் எனக்கு உறைக்கவில்லை. அந்த நாலு மாதம் நான் இங்கே தனியாக இல்லை.

மே மாதத்தில் கடிதம் நின்றது.

நான் ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். தபால்காரி என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே கையை விரிப்பாள். "வேலை இருக்கும், விடு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குக் கோபம். காரியம் ஆனதும் மறந்துவிட்டாள், திமிர் பிடித்தவள் என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டியதைக் கேட்கக்கூட ஆள் இல்லை. சுமதி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் அப்போதே பாதிதான் புரியும்.

ஆகஸ்டில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. "அடியேய்" இல்லை, "விசாலம்" இல்லை.

சித்திரையில் ஒருநாள் காலையில் தனம் அஞ்சு குழந்தைகளின் கிருமியைத் துண்டுகளில் தடவிப் பார்த்திருக்கிறாள். அஞ்சும் வெளுத்தன. ஓடிப்போய்ச் சொன்னாள். அஞ்சு குழந்தைக்கும் டாக்டர் மருந்தை மாற்றினார். அது ரத்தத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து, தேவையில்லாமல் யாரும் கொடுக்க மாட்டார்கள். மறுநாள் பழைய முறையில் பார்த்தபோது அஞ்சுமே பென்சிலினுக்கு அடங்குகிற சாதாரணக் கிருமி என்று தெரிந்தது. டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னாராம்: "எதை வச்சாலும் வெளுக்குதுன்னா அது டெஸ்ட் இல்லம்மா, சோப்புத்தூள். இனிமே இந்தக் காகிதம் என் கண்ணுல படக்கூடாது."

பத்து நாள் கழித்து, அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் குழந்தை நூருக்கு அதே காய்ச்சல். ஒரு வயது. தனம்தான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். கிருமி வளர்ந்ததும் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிடத்தில் பால் மாதிரி வெளுத்தது. டாக்டர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "உன் காகிதம் எதைப் பாத்தாத்தான் வெளுக்காது?" என்று அவர் போய்விட்டார். மறுநாள் பழைய முறையில் முடிவு வந்தது. இந்த முறை துண்டு சொன்னதுதான் சரி. மருந்தை மாற்றினார்கள். குழந்தை பிழைத்தது. ஆனால் வீணாய்ப் போன அந்த ஒரு நாளில் காது போயிற்று.

கடிதத்தின் கடைசி வரி இது: "ஏன் எல்லாம் வெளுத்துதுன்னு இன்னும் எனக்குத் தெரியல. நீ எழுதின மாதிரியேதான் செஞ்சேன்."

எனக்குப் படித்த கணமே தெரிந்துவிட்டது. எங்கள் பழைய கூடத்தின் தகரக் கூரை, அடுப்பு மாதிரி கொதிக்கிற அறை, கரண்ட் போய்ப் போய் வரும், கடல் காற்றின் ஈரம் வேறு. அந்த டப்பாவுக்குள் பென்சிலின் தானாகவே உடைந்துபோயிருக்கும். கிருமியே வைக்காவிட்டாலும் துண்டு வெளுக்கும். வெறும் துண்டு ஒன்றை முதலில் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அதைத் தனத்துக்கு யார் சொன்னார்கள்? அன்றே எல்லாவற்றையும் எழுதி, மன்னிப்புக் கேட்டுத் தபாலில் போட்டேன். போய்ச் சேரப் பத்து நாள். இங்கே யார் பெற்ற பிள்ளைக்கோ பத்து நிமிடத்தில் பதில் சொல்கிறேன், என் சிநேகிதிக்கு ஒரு வார்த்தை சொல்லப் பத்து நாள் ஆயிற்று. அவள் பதில் போடவில்லை.

5

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்குப் போனோம். சென்னையிலிருந்து பஸ். காலாப்பட்டு தாண்டும்போது சுமதிக்கு வாந்தி. நெல்லித்தோப்பில் தனம் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு முதுகெல்லாம் ஒரே வியர்வை. எத்தனையோ வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அவள் கதவைத் திறந்ததும் என் வாயில் வந்தது, "அப்பப்பா, என்ன வெக்கைடி!"

தனம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதத்தாண்டி நீ எழுத மறந்துட்ட" என்றாள். பிறகு விலகி, "உள்ள வா. கொழந்தைக்கு ஃபேன போடு" என்றாள்.

அதட்டவில்லை, அழவில்லை. அதட்டியிருந்தால் தேவலை. மோர் கொடுத்தாள். "உன் லெட்டர் வந்துது. வெறும் துண்டு போட்டுப் பாருன்னு. பாத்தேன். அதுவும் வெளுத்துது" என்றாள். "அதான் பதில் போடல. இன்னா எழுதச் சொல்ற?"

இப்போது தினமும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், அன்றைக்கு வேண்டிய துண்டுகளை மட்டும் செய்கிறாளாம். முதலில் வெறும் துண்டு. ஒரு வருடம் சண்டை போட்டு, பழைய முறையோடு பக்கத்தில் வைத்து எழுதிக் காட்டி, அதே டாக்டரை ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறாள். என் எட்டுப் பக்கத்தையும் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள். முதல் பக்கத்தின் தலையில் சிவப்பு மையில் அவள் கையெழுத்து: "வெறும் துண்டு வெளுத்தால் எதையும் நம்பாதே."

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் டீ கொண்டு வந்தாள். பின்னாலேயே மூன்று வயதுக் குழந்தை, கை நிறையச் சட்டைப் பொத்தான்கள். வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொத்தான்களை வரிசையாக அடுக்கியது. நான் சாக்லேட்டை எடுத்து, "நூர்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. "நூர் கண்ணு" என்று மறுபடியும் கூப்பிட்டேன். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கூப்பிட்டேன். அவள் அம்மா போய்த் தோளைத் தொட்டுத் திருப்பினாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

"பிரான்சுலேருந்து வந்த அக்காவா நீங்க? தனம் அக்கா மட்டும் இல்லன்னா இந்தப் புள்ளையே இல்லக்கா" என்றாள் நூரின் அம்மா. "எந்தப் பரிச்சையோ இவங்க கொஞ்சம் தப்பா செஞ்சுட்டாங்களாம். தன் மேலதான் தப்புன்னு இன்னும் அழுவுறாங்க. அல்லா அறிய எங்களுக்கு அவங்க மேல வருத்தமே கிடையாது. நீங்களாவது சொல்லுங்கக்கா."

டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். தனம், "டீ ஆறுது, குடி" என்றாள். குடித்தேன். எனக்கு வெட்கமாக இல்லையா? இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

அவர்கள் போனதும் கேட்டேன், "ஏன்டி என் பேரைச் சொல்லல?"

"எதுக்கு? நீ ரெண்டு வாரத்துல ஏரோப்ளேன் ஏறிடுவ. தெனம் பாக்குற மூஞ்சின்னா மன்னிக்கலாம். யாரோ சீமையில இருக்கிறவள எப்படிடி மன்னிப்பாங்க? ஆயுசுக்கும் சபிச்சிக்கினே கெடப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள்.

மீதி நாள் முழுக்க அவள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள், விருந்தாளியோடு பேசுகிற மாதிரி. டிபன் பாக்ஸில் பாதி கொடுத்தவள், எனக்குத் தனியாக இலை போட்டுப் பரிமாறினாள். 

6

திங்கட்கிழமை கழிவறையில் அழுதேன் என்றேன் அல்லவா? வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. சுமதி பிரெஞ்சில் கேட்டாள், என்ன ஆயிற்று என்று. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. தனத்தின் கடிதத்தைக் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். எழுத்துகள் அழகாக வட்டமாக இருக்கின்றன என்பாள், அவ்வளவுதான். என் தட்டுத்தடுமாறும் பிரெஞ்சில் முழுக் கதையும் அவளுக்குச் சொன்னேன். ஊரைப் பற்றி அவள் கடைசிவரை கேட்ட ஒரே கதை இதுதான்.

கேட்டுவிட்டு, "அந்தக் கொழந்தையோட அம்மா உன் முன்னாடிதானே இருந்தாங்க, மாமான். அப்பவே ஏன் சொல்லல?" என்றாள். மாமான் என்றால் பிரெஞ்சில் அம்மா.

பெரியவர்கள் விஷயம், உனக்குப் புரியாது என்று சொல்லலாம். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. "பயமாக இருந்தது" என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. "இப்ப சொல்லு" என்றாள்.

அதனால்தான் இதை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். இதைப் பார்த்தால் தனம் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆக்கட்டும், அப்படியாவது ஒரு கடிதம் போடட்டும். தபால்காரி இப்போதும் பதினொரு மணிக்குத்தான் வருகிறாள், நான் வீட்டில் இருக்கிற நாட்களில் பத்தரைக்கே ஜன்னலுக்குப் போய்விடுகிறேன்.

நெல்லித்தோப்பில் நூர் என்றொரு பெண் இருக்கிறாள். இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. அவள் அம்மாவுக்குப் படிக்க வராது. தெரிந்தவர்கள் யாராவது இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அம்மா, அன்றைக்கு உங்கள் கையால் டீ வாங்கிக் குடித்தவள் நான். மன்னிப்பதும் சபிப்பதும் உங்கள் இஷ்டம், இனி ஆளைத் தெரிந்து செய்யுங்கள். தப்பு தனத்தினுடையது இல்லை. நான் எழுதிய மாதிரியேதான் அவள் செய்தாள்.